கவ்வியதைக் கையில் கொடுக்க: இராமநாதபுரம் கரையோரத்தில் இளம் வேட்டை நாய் வளர்ப்போருக்கு

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், இந்தச் சீமையின் மண்டை நாய் ஆகியவை விரட்டிப் பிடிப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை. சுடப்பட்டு விழுந்த பறவையைச் சேதமில்லாமல் தூக்கி வர உருவாக்கப்பட்ட லாப்ரடாருக்குக் கவ்வியதைக் கொடுப்பது பாதி பிறவியிலேயே வரும். நம் நாட்டு இனங்களுக்குப் பிடித்தவுடன் உதறுவதுதான் பிறவியில் வருவது. கொடுப்பதை நாம்தான் கற்றுத்தர வேண்டும். கற்கக்கூடியதுதான், பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும்.

முதலில் சட்டம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கவுதாரி, காட்டுக்காடை, கொக்கு, முயல் எதையும் நாயை விட்டுப் பிடிக்கக் கூடாது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர்-கீழச்செல்வனூர், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை என்று பறவைச் சரணாலயங்கள் நிறைந்த மாவட்டம் இது. எனவே இங்கே சொல்லும் பயிற்சி முழுவதும் துணி உருளை, நாட்டுக்கோழிச் சிறகு, கடையில் வாங்கிய பண்ணைக்காடை ஆகியவற்றை வைத்துத்தான். வேட்டை இல்லாதபோது இது எதற்கு என்று கேட்கலாம். சட்டம் வந்தது என்பதற்காக நாயின் வாய் மாறிவிடவில்லை. பக்கத்து வீட்டுச் சேவலையோ, கண்மாய்க் கரையில் அடிபட்டுக் கிடக்கும் கொக்கையோ, கடற்கரையில் ஒதுங்கிய நச்சுப் பேத்தை மீனையோ ஒருநாள் அது கவ்வத்தான் போகிறது. அன்றைக்கு ஒரே சொல்லில் வாயைத் திறக்கும் நாயாக இருந்தால் பறவையும் பிழைக்கும், நாயும் பிழைக்கும்.

நாய் கொடுக்க மறுப்பதைப் பிடிவாதம் என்று எண்ணுகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் அது கணக்குப் போடுகிறது. கொடுத்த ஒவ்வொரு தடவையும் பொருள் போய்விட்டது என்றால், அடுத்த தடவை கொடுக்காமல் ஓடுவதுதான் அதற்கு லாபம். ஆகவே பயிற்சியின் உயிர்நாடி இவ்வளவுதான்: பத்துத் தடவை வாங்கினால் ஏழு தடவையாவது உடனே திருப்பிக் கொடுங்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இதிலிருந்து கிளைப்பவை.

வேண்டிய பொருள்கள்

துணி உருளை மூன்று. மூன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைப் பழைய காலுறைக்குள் விட்டு, சுற்றிலும் சணல் சாக்கைச் சுருட்டித் தைத்தால் போதும். நீளம் 20 முதல் 25 செ.மீ., எடை நான்கைந்து மாதக் குட்டிக்கு 150 முதல் 250 கிராம். வளர்ந்த நாய்க்கு உள்ளே மணல் போட்டு 500 கிராம் வரை ஏற்றலாம். வலைத் துண்டையோ தூண்டில் நரம்பையோ சுற்றிக் கட்டாதீர்கள். ஒரு முழம் நரம்பு குடலுக்குள் போனால் அறுவைச் சிகிச்சைதான். மீன்பிடி மிதவையை அப்படியே கொடுக்கும் பழக்கம் கரையோரத்தில் உண்டு. அது பல் பட்டால் பொடிப்பொடியாக உதிரும், கடித்து மெல்லும் பழக்கத்தையும் வளர்க்கும். கனத்த துணியால் மூடித் தைத்த பிறகு தண்ணீர்ப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மீட்டர் கயிறு ஒன்று. வலைச் சாமான் கடையில் கிடைக்கும் 8 மி.மீ. கயிறே போதும். நுனியில் கைப்பிடி வளையம் வேண்டாம், சீமைக்கருவேலத் தூரில் மாட்டிக்கொள்ளும். கழுத்துக்குச் சாதாரணப் பட்டை. இறுகும் சங்கிலியோ முள் பட்டையோ இந்தப் பயிற்சிக்கு உதவாது. கழுத்தில் வலித்தால் நாய் வாயை இன்னும் இறுக்கும்.

தின்பண்டம்: உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறி அல்லது ஈரல், கடலைப் பருப்பு அளவுத் துண்டுகளாக முப்பது நாற்பது. அன்றைய சோற்றிலிருந்து அந்த அளவைக் குறைத்துவிடுங்கள். கருவாடு கையருகே இருக்கிறது என்று அதைக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள உப்பு நாய்க்கு ஆகாது, தாகத்தில் பயிற்சியும் நடக்காது.

நேரம் காலை எட்டுக்கு முன், அல்லது மாலை ஐந்தரைக்குப் பின். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. புறங்கையை மணலில் ஏழு விநாடி வைக்க முடியவில்லையென்றால் நாயின் பாதத்துக்கும் அது சூடு.

வயதுக் கணக்கு

எட்டு வாரக் குட்டியிலிருந்தே மாற்றிக் கொடுக்கும் விளையாட்டைத் தொடங்கலாம். ஆனால் நான்காவது மாதம் முதல் ஏழாவது மாதம் வரை பால் பல் இருபத்தெட்டும் விழுந்து நாற்பத்திரண்டு பல் முளைக்கும் காலம். ஈறு வலிக்கும்போது இழுத்து வாங்கினால் ‘மனிதக் கை வந்தால் வாய் வலிக்கும்’ என்று குட்டி பதிய வைத்துக்கொள்ளும். அந்த மாதங்களில் எறிவதைக் குறைத்து, மென்மையான உருளையை மட்டும் கொடுங்கள். கயிறு இழுக்கும் விளையாட்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் குட்டிக்கும் எவ்வளவு பிடித்திருந்தாலும், பயிற்சி முடியும்வரை வேண்டாம். வாயில் வைத்து நிதானமாகப் பிடித்திருக்கும் பாடம் புதுப் பல் எல்லாம் நின்ற பிறகுதான்.

கட்டளைச் சொல்லையும் முன்னதாகவே வீட்டார் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். ‘விடு’ என்பதை வேண்டாம் என்போம். கோழியை விரட்டினாலும் ‘விடு’, விருந்தாளியைப் பார்த்துக் குரைத்தாலும் ‘விடு’ என்று கத்திக் கத்தி, பெரும்பாலான வீடுகளில் அது கோபத்தின் சத்தமாகிவிட்டது. ‘தா’ என்றால் ‘வா’வோடு குழம்பும். ‘குடு’ நன்றாக வேலை செய்கிறது.

முதல் படி: இரண்டு உருளை

வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையிலுள்ள சந்து, அல்லது இருபுறமும் பனைமட்டை வேலி உள்ள முடுக்கு நல்ல இடம். நாய் போகவும் வரவும் ஒரே வழிதான் இருக்க வேண்டும். திறந்த பொட்டலில் தொடங்கினால் முதல் நாளே கவ்விக்கொண்டு வட்டமடிக்கப் பழகிவிடும், அதைத் திருத்த ஒரு மாதம் போகும்.

ஒரு உருளையை இரண்டு மீட்டர் தள்ளிப் போடுங்கள். குட்டி கவ்வியதும் கையை நீட்டாதீர்கள். இரண்டாவது உருளையை எடுத்துத் தரையில் இழுத்து உயிருள்ளதைப் போல ஆட்டுங்கள். முதலாவதைக் குட்டி வாயிலிருந்து நழுவவிடும் அந்தக் கணத்தில் ‘குடு’ என்று மெதுவாகச் சொல்லி, இரண்டாவதை எறியுங்கள். வாய் திறப்பதும் சொல்லும் சேர்ந்து விழ வேண்டும். முந்திச் சொன்னால் இந்தக் கட்டத்தில் அது வெறும் சத்தம்தான். நான்கைந்து தடவையோடு நிறுத்துங்கள், குட்டி இன்னும் கேட்கும்போதே. ஏழெட்டு நாளில், இரண்டாவதைக் கண்டதும் முதலாவது தானாக விழும்.

இரண்டாம் படி: அசையாத கை

அடிப்படை இங்கேதான் அமைகிறது, அவசரப்படுகிறவர்கள் தவறுவதும் இங்கேதான்.

நாய் உருளையோடு அருகில் வந்ததும் பக்கவாட்டில் குந்துங்கள், எதிரெதிராக நிற்க வேண்டாம். கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள். இடது கை கழுத்துப் பட்டைக்குக் கீழே, தளர்வாக. வலது கையைத் தாடைக்கு அடியிலிருந்து கொண்டுபோய் உருளையின் நுனியைப் பிடியுங்கள். மேலிருந்து வரும் கையைக் குட்டி பறிக்கும் கையாகவே பார்க்கும். பிடித்த கையை உங்கள் முழங்காலோடு அணைத்து, அப்படியே உறைந்துவிடுங்கள். இழுக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம், பேசவும் வேண்டாம்.

ஏன் இழுக்கக் கூடாது? இழுபடும் பொருள் தப்ப முயலும் இரை. பின்னங்காலை ஊன்றி எதிர்ப்பக்கம் இழுப்பது நாயின் உடம்பிலேயே உள்ள எதிர்வினை. அசையாத பொருளோ செத்துப்போன ஒன்று, அதில் சுவாரசியம் இல்லை. முதல் நாள் ஒரு நிமிடம்கூட ஆகலாம். தாடை தளரும்போது ‘குடு’ சொல்லுங்கள், வாயிலிருந்து வந்ததும் ஒரு துண்டு கறி, உடனே உருளையையும் அதன் வாய்க்கே திருப்பிக் கொடுங்கள். திருப்பிக் கொடுப்பதைப் பார்த்து நாய் திகைக்கும். அந்தத் திகைப்பு நல்ல அறிகுறி, பழைய கணக்கு உடைகிறது என்று பொருள்.

வாயைப் பிளந்து பிடுங்குவது, உதட்டைப் பல்லோடு அழுத்துவது, காதைக் கிள்ளுவது, மூக்கில் தட்டுவது எல்லாம் பழைய ஆட்கள் சொல்லித் தரும் வழிகள். அன்றைக்குப் பொருள் கைக்கு வந்துவிடும், மறுநாள் நாய் வராது. நாட்டு இனங்கள் ஒரு வலியை நெடுநாள் மறப்பதில்லை.

மூன்றாம் படி: சொல் முந்த வேண்டும்

அசையாத கையில் மூன்று விநாடிக்குள் கொடுக்கத் தொடங்கிய பிறகு, கை உருளையைத் தொடும் முன்பே ‘குடு’ என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். இரண்டு விநாடி காத்திருங்கள். திறக்கவில்லையா, சொல்லைத் திரும்பச் சொல்லாமல் மறுபடி கையை உறைய வையுங்கள். ‘குடு குடு குடு’ என்று அடுக்கினால் ஐந்தாவது ‘குடு’வுக்குக் கொடுத்தால் போதும் என்று நாய் கற்கும். தொடர்ந்து மூன்று நாள், பத்தில் ஒன்பது முறை முதல் சொல்லுக்கே வாய் திறந்தால் அடுத்த படிக்குப் போகலாம். இல்லையென்றால் இங்கேயே இருங்கள்.

நான்காம் படி: பிடித்துக்கொண்டு இருப்பது

தின்பண்டத்தால் பழகிய நாய்க்கு ஒரு நோய் வரும்: நம் கை கறிப் பையைத் தொட்டதுமே பொருளைத் துப்பிவிடும். துணி உருளையில் இது பெரிதாகத் தெரியாது. காயம்பட்ட கோழி என்றால் கீழே விழுந்ததும் படபடக்கும், நாய் மறுபடி பாய்ந்து இன்னும் பலமாகக் கவ்வும். ஆகவே கைக்கு வந்த பிறகே விட வேண்டும்.

பல் முழுவதும் முளைத்த நாயை அருகே உட்காரவைத்து உருளையை வாயில் கொடுங்கள், ‘பிடி’. ஒரு விநாடி, ‘குடு’, கறி. பிறகு இரண்டு விநாடி, ஐந்து, பத்து. மென்றால் கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். கறியைக் கையில் காட்டாதீர்கள், பின்னாலுள்ள திண்ணையில் கிண்ணத்தில் இருக்கட்டும். எறிந்த பொருளைக் கொண்டுவரும்போது காலடியில் போடும் நாய்க்கு நேர்மருந்து: அது நெருங்கும்போது நாலு எட்டுப் பின்னால் நடங்கள். நகரும் ஆளைத் தொடரும் நாய் வாயைத் திறக்காது.

இன்னொரு பழக்கம், சிறியது, பலன் பெரியது. கொண்டுவந்ததும் வாங்காதீர்கள். பொருள் வாயில் இருக்கும்போதே பத்து விநாடி நெஞ்சைத் தடவிக் கொடுங்கள். ‘இவரிடம் போனால் பறிப்பார்’ என்பது ‘இவரிடம் போனால் சுகம்’ என்று மாறும். தூரத்தை ஐந்து மீட்டரிலிருந்து பதினைந்துக்கு உயர்த்த இதுவே வழி. கயிறு தரையில் இழுபடட்டும், ஓட நினைத்தால் மட்டும் அதை மிதியுங்கள். எக்காரணம் கொண்டும் துரத்தாதீர்கள். துரத்தினால் அதைவிட நல்ல விளையாட்டு நாய்க்கு இல்லை.

ஐந்தாம் படி: சிறகும் பறவையும்

துணி உருளையில் தங்கமாக இருக்கும் நாய் சிறகைக் கண்டதும் வேறு பிறவி எடுக்கும். அதனால் படிப்படியாகத்தான் போக வேண்டும். நாட்டுக்கோழிச் சிறகு இரண்டை உருளையில் தைத்துக் கட்டுங்கள், ரப்பர் வளையம் போடாதீர்கள், விழுங்கிவிடும். நான்கைந்து நாள் கழித்து, கறிக்கடையில் வாங்கிய முழு இறக்கை. பிறகுதான் முழுப் பறவை. காட்டில் கிடக்கும் சிறகைப் பொறுக்கிக் கட்டாதீர்கள், காட்டுப் பறவையின் உடற்பகுதியை வைத்திருப்பது சட்டச் சிக்கல். செத்துக் கிடக்கும் பறவையை எடுக்கவே கூடாது. பறவைக் காய்ச்சல் எதில் இருக்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

முழுப் பறவைக்கு, இறகு பிடுங்காத பண்ணைக்காடையோ சிறு கோழியோ வாங்கி, இறக்கையை உடம்போடு நூலால் கட்டி, இரவு முழுக்கக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வையுங்கள். கல்லாக உறைந்த பறவையை மெல்ல முடியாது, இரத்த வாசனையும் குறைவு. முதல் மூன்று நாள் அதை மெல்லிய காலுறைக்குள் போட்டே எறியுங்கள். நம் வெயிலில் அரை மணி நேரத்தில் உருகத் தொடங்கும், உருகினால் அன்றைய பயிற்சி முடிந்தது. உருகிய பறவையில்தான் நாய் சாற்றைச் சுவைக்கிறது, மெல்லுகிறது, பிறகு அமுக்கிக் கவ்வும் வாய் உண்டாகிறது. ஒரு பறவை மூன்று நான்கு எறிதலுக்குத்தான். பிறகு புதைத்துவிடுங்கள், நாய்க்குப் போடாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கொடுத்த பறவையைத் தடவிப் பாருங்கள். விலா எலும்பு நொறுங்கியிருந்தால் வாய் இறுகுகிறது. காரணம் பெரும்பாலும் இவற்றுள் ஒன்று: உருகிய பறவை, மிகையான பசி, பக்கத்தில் இன்னொரு நாய் நின்று போட்டி போட்டது, அல்லது வாங்கும்போது நீங்கள் இழுத்தது. உறைந்த பறவையையும் விட்டு, இரண்டாம் படிக்குத் திரும்பி ஒரு வாரம் துணி உருளை மட்டும்.

உயிருள்ள பறவையைக் கட்டிப்போட்டுப் பழக்குவதை ஒருபோதும் செய்யாதீர்கள். அது கொடுமை, 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் கூட. பயிற்சிக்கும் கெடுதல்: துடிக்கும் பறவையும் கீறும் சேவல் முள்ளும் நாயை இறுக்கிக் கடிக்கவே தூண்டும்.

ஆறாம் படி: தண்ணீர்

குடிநீர் ஊருணியில் நாயை இறக்காதீர்கள். கண்மாயின் ஆழமில்லாத ஓரமோ பண்ணைக்குட்டையோ போதும், பறவைகள் தங்கும் கண்மாய் என்றால் அதுவும் வேண்டாம். கடல் கடைசியில். அலையும் சொறியும் (ஜெல்லி மீன்) முதல் பயிற்சிக்கு ஏற்றவை அல்ல, உப்புத்தண்ணீரை விழுங்கினால் வாந்தியும் கழிச்சலும் வரும். கடலுக்குப் போகும்போது நல்ல தண்ணீர் இரண்டு லிட்டராவது கையில் இருக்கட்டும்.

தண்ணீரில் வரும் சிக்கல் ஒன்றுதான்: கரையேறியதும் உடம்பை உதற நாய் பொருளைக் கீழே போடும். முழங்கால் அளவுத் தண்ணீரில் நீங்களே இறங்கி நின்று, உதறும் முன் வாங்குங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு எட்டுக் கரைப்பக்கம் தள்ளி நில்லுங்கள். முடிந்ததும் கால்விரல் இடுக்கில் கருவேல முள்ளும் காதில் ஈரமும் இருக்கிறதா பாருங்கள். ஆமை முட்டையிடும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடற்கரையில் கயிற்றை அவிழ்க்க வேண்டாம்.

உறுமினால்

பொருளை வைத்துக்கொண்டு நாய் விறைத்து நின்று, கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்து உறுமினால், கையை எடுத்துவிடுங்கள். அடிக்காதீர்கள். உறுமலை அடித்து அடக்கினால் அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும். நான்கு மீட்டர் தள்ளிக் கறித்துண்டுகளைத் தூவி, பொருளை விட்டு வரவையுங்கள். இரண்டு வாரத்தில் குறையவில்லையென்றால், பிள்ளைகள் உள்ள வீடாயின், கால்நடை மருத்துவரிடமோ அனுபவமுள்ள பயிற்சியாளரிடமோ காட்டுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில் போட்டிருக்க வேண்டும், ஓராண்டில் மறு ஊசி. போடாத நாயின் வாய்ப்பக்கம் கையைக் கொண்டு போகவே வேண்டாம்.

நிஜமாகவே ஒன்றைக் கவ்விவிட்டால்

பக்கத்து வீட்டுக் கோழியாக இருக்கட்டும். கூச்சல் போட்டு எல்லாரும் ஓடினால் நாய் பறவையை உதறும், உதறினால் கழுத்து முறியும். ஒருவர் மட்டும் நடந்து போய், பக்கவாட்டில் குந்தி, பட்டையைப் பிடித்து, பறவையின் உடம்பைத் தாங்கி, ‘குடு’. கோழியின் காலையோ இறக்கையையோ பிடித்து இழுக்காதீர்கள். கொடுத்ததும் நாயைப் பாராட்டிக் கட்டிவிடுங்கள். பிடித்ததற்கு அடிக்க வேண்டும் என்று தோன்றும், ஆனால் நாய்க்கு அடி விழுவது கடைசியாகச் செய்த செயலுக்கு. அது கொடுத்ததல்லவா. காட்டுப் பறவை என்றால் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றாமல், வனத்துறைக்குச் சொல்லுங்கள். வெளியே காயம் தெரியாவிட்டாலும் பல் பட்ட இடத்தில் சீழ் பிடிக்கும், மருந்து வேண்டும்.

பேத்தை மீன் வேறு. வலையிலிருந்து கழித்துப் போட்ட பேத்தை கரையில் காய்ந்து கிடக்கும். அதன் நஞ்சு காய்ந்தாலும் வெந்தாலும் போகாது, மாற்று மருந்தும் இல்லை. நாய் கவ்வினால் பறிக்கப் போகாதீர்கள், பறித்தால் விழுங்கிவிடும். பையில் எப்போதும் இருக்க வேண்டிய கறித்துண்டை ஒன்றல்ல, ஒரு பிடி கீழே போட்டு ‘குடு’ சொல்லுங்கள். தின்றுவிட்டதாகச் சந்தேகம் இருந்தால் எச்சில் வடிவதற்கும் கால் தள்ளாடுவதற்கும் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

ஏறக்குறைய ஓராண்டு வயதில் பயிற்சி நிலைத்துவிடும். அதன் பிறகும் வாரத்துக்கு இரண்டு நாள், நாலு எறிதல் போதும். மூன்றாவது தடவை வாங்கிய உருளையை மறக்காமல் திருப்பிக் கொடுங்கள்.